விவாகரத்தைப் படம்பிடிக்கப் புகும் தம்பிக்கு



நீ அனுப்பிய திரைக்கதையை இருமுறை வாசித்தேன். விவாகரத்துக் கோரி நியாயஸ்தலத்தின் படியேறிவிட்ட பெற்றோருக்கு நடுவே தவிக்கும் ஏழு வயதுச் சிறுமியை நீ எடுத்துக்கொண்டது எனக்கு மெத்தப் பிடித்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் காட்சியில் அவள் தாய் தந்தையரை எதிரே நிறுத்திப் பேசுகிற நீண்ட வசனத்தை, எத்தனை பிரயாசைப்பட்டு எழுதியிருந்தாலும், நீ எடுத்துவிடத்தான் வேண்டும். துயரம் வந்துவிட்ட வயது அது. துயரத்தைச் சொல்லும் பாஷை வாய்க்காத வயதும் அதுவே.

1979-இல் ராபர்ட் பென்டன் எடுத்த 'கிராமர் வெர்சஸ் கிராமர்' படத்தை மறுபடியும் பார். தாய் வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலையில், அடுப்படியையே அறியாத தகப்பன் பிள்ளைக்குப் பிரெஞ்ச் டோஸ்ட் செய்யப் புகுந்து, முட்டையைக் கோப்பைக்குள் உடைத்து ஊற்றி, அதில் நுழையாத ரொட்டியை மடித்துத் திணித்து, கடைசியில் கையையும் சுட்டுக்கொள்கிறான்; வீட்டின் ஒழுங்கு குலைந்துவிட்டது என்பது அருகிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வாணலியிலேயே விளங்கிவிடுகிறது. பிற்பாடு, வழக்கில் வென்ற தாயிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டிய காலையில், அதே பண்டத்தை அப்பனும் மகனும் பேச்சின்றிச் சேர்ந்து செய்கிறார்கள். இடையே கழிந்த மாதங்களுக்கெல்லாம் அந்தக் கைப்பழக்கமே கணக்குச் சொல்கிறது.

அதைவிட என்னை உலுக்கியது வேறோர் இடம். ஐஸ்கிரீமுக்காகத் தகப்பனோடு மல்லுக்கட்டிய இரவில், கோபமெல்லாம் அடங்கிய பிறகு, தான் கெட்ட பிள்ளையாக இருந்ததால்தானா அம்மா போய்விட்டாள் என்று அந்தப் பிள்ளை பில்லி கேட்கிறானே, அந்தக் கேள்விதான் உன் கதைக்கும் அஸ்திவாரம். பெரியவர்களின் பிணக்குக்குக் காரணம் புரியாத குழந்தை, அந்த வெற்றிடத்தில் தன்னையே காரணமாக வைத்துக்கொள்கிறது. இந்த அந்தரங்கக் குற்ற உணர்ச்சி உன் சிறுமியிடம் எங்குமே காணவில்லை.

பில்லியாக நடித்த ஜஸ்டின் ஹென்றியின் பெயர் எட்டே வயதில் ஆஸ்கார் பரிந்துரையில் இடம்பெற்றது. உன் படத்தில் நடிக்கப்போகும் குழந்தையிடமும் அத்தகைய ஆற்றல் இருக்கலாம்; ஆனால் அழுகை வேண்டுமென்பதற்காக அதை மிரட்டிவிடாதே, அப்பா. படம் முடிந்தபின்பும் அந்த பயம் அதனோடு இருக்கும்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அஸ்கர் ஃபர்ஹாதியின் 2011-ஆம் ஆண்டு ஈரானியப் படமான 'எ செபரேஷன்', யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்க, பதினொரு வயதுத் தெர்மே கண்ணீரோடு அமர்ந்திருக்கையில் பெற்றோரை வெளியே அனுப்பி, அவர்கள் தாழ்வாரத்தில் காத்திருப்பதோடு நின்றுவிடுகிறது. அவள் பதிலை நாம் கேட்பதே இல்லை. உன் சிறுமியோ தாயிடம் ஓடிக் கட்டிக்கொள்கிறாள். தந்தையின் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லையா?

பள்ளி வேனில் போகும்போது, எந்த நோட்டுப் புத்தகம் எந்த வீட்டில் கிடக்கிறது என்று அவள் விரல்விட்டு எண்ணுவதாக முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அப்புறம் அதை மறந்தே போனாய். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எழுத உட்கார்.

அன்புடன்,
அண்ணன்