தறிக்குழிமேல் ஒரு பழி

நம்பிக்கை: குழித்தறியில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் முதுகெலும்பின் அடியில் கட்டி வளரும்.

காலைக் குழிக்குள் விட்டு மிதி மிதித்து, பாவின்மேல் நாள் முழுக்கக் குனிந்திருப்பவருக்கு இடுப்புவலி வரத்தான் செய்யும். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீடுகளுக்கு இது தெரிந்த சங்கதி. அந்த வலி கட்டியாக மாறாது. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பிலேயே பிறக்கும் புற்றுகளில் முக்கியமானது கார்டோமா. கருவில் முதுகெலும்பு உருவாகுமுன் அங்கே இருக்கும் தண்டுத் திசுவின் மிச்சம்தான் அதற்கு வித்து. உட்கார்ந்து செய்யும் தொழில் இதைக் கொண்டுவரும் என்பதற்குச் சான்றே கிடையாது.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் கார்டோமா வருகிறது. அதிலும் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரையே திரிகத்தில். மற்றவை மண்டையோட்டின் அடியிலும் திரிகத்துக்கு மேலுள்ள முதுகெலும்புகளிலும். இந்த விகிதத்தை 2011-இல் சுமார் 1.64 லட்சம் பேர் வாழ்ந்த காஞ்சிபுரம் நகருக்குப் போட்டுப் பாருங்கள்: 12 முதல் 18 ஆண்டுகளுக்கு ஒருவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களோ தெருவுக்குத் தெரு.

நம்பிக்கை: முதுகெலும்பில் புற்று என்றால் அங்கேயே தோன்றியது.

பெரும்பாலும் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் எனப் பிற இடங்களிலிருந்து பரவி வந்ததாகவே இருக்கும்.

நம்பிக்கை: ஊசி குத்திச் சதை எடுத்தால் புற்று பரவிவிடும்.

மற்றப் புற்றுகள் பெரும்பாலானவற்றில் இது வீண் பயம். கார்டோமாவிலோ ஊர்வாயில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊசி போன தடத்தில் செல்கள் தங்கி மறுபடி முளைக்கக்கூடும். அதனால் மலக்குடல் வழியாகக் குத்தவே கூடாது. முதுகுப் பக்கமாக, பிற்பாடு அறுவையில் அந்தத் தடத்தையும் சேர்த்தே வெட்டியெடுக்கத் தோதான இடத்தில் குத்த வேண்டும். ஆகவே அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கேட்காமல் ஊசிக்குப் போகாதீர்கள். ஊரிலேயே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம்.

கார்டோமா மெதுவாக வளர்வது. தைலமும் நீவலுமாக மாதங்கள் ஓடிவிடும். படுத்தாலும் அடங்காத இரவு வலி, உட்காரும் இடம் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ போவதில் சிரமம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். திடீரென்று நீர் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே போக வேண்டும். எக்ஸ்ரேயில் குடல் வாயு மறைத்துவிடும். இடுப்புக்கென்று எடுக்கும் எம்ஆர்ஐ-கூடப் பல சமயம் திரிகத்தின் மேல்பாதியோடு நின்றுவிடுகிறது. படம் வால் எலும்புவரை எடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.