சேற்றிலும் சரிவிலும் பட்டை இயந்திரம்: பிடிப்பைக் கூட்டுவது எப்படி?

காலபோக அறுவடை நேரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்தால் வயல் காய்வதில்லை. சாய்ந்த நெல் முளைவிடும் முன் வெட்டியாக வேண்டும். 2009இல் முடிந்த போரில் மாடுகளையும் உழவு இயந்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல, வாடகை அறுவடை இயந்திரத்தையே நம்பியுள்ளன. அது நடுவயலில் புதைந்தால் வாடகை ஏறும், கதிர் மிதிபடும், வரம்பு உடையும். குத்தகைக் காணி என்றால் அந்த வரம்புக்கும் நாமே பொறுப்பு. ஆகவே இயந்திரம் நிலத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சாரதி மட்டுமன்றி, அதை வாடகைக்கு அமர்த்தும் நாமும் அறிந்திருப்பது நன்று.

1. பட்டை ஏன் வந்தது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டொக்டன் நகரை அண்டி, மெத்தை போன்ற மென்மண் நிலம் உண்டு. அங்கே குதிரைகளும் நீராவி உழவு இயந்திரங்களும் புதைந்தன. சில்லுகளை அகலமாக்கிப் பார்த்தார்கள். ஓர் இயந்திரத்தின் முழு அகலம் 46 அடி வரை போயிற்று. அப்படியும் வசதிப்படவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904 நவம்பரில், சில்லுகளுக்குப் பதிலாக மரப்பலகைகள் கோத்த சங்கிலிப் பட்டைகளைப் பூட்டி ஓட்டினார். இயந்திரம் புதையாமல் நகர்ந்தது. இன்றைய புல்டோசரின் இரும்புப் பட்டையும் அறுவடை இயந்திரத்தின் றப்பர் பட்டையும் அதே வழியில் வந்தவையே.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஓர் அறுவடை இயந்திரம் 2,800 கிலோ எடை என்று வைப்போம். ஒவ்வொரு பட்டையும் 45 சென்ரிமீற்றர் அகலம், நிலத்தில் படியும் நீளம் 160 சென்ரிமீற்றர். இரண்டு பட்டைக்கும் பரப்பு 14,400 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் பாரம் ஏறக்குறைய 0.2 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒற்றைப் பாதம், 150 சதுர சென்ரிமீற்றர் என்றால், 0.4 கிலோ பாரத்தை அழுத்துகிறது. அதாவது நடக்கும் மனிதரைவிட அந்த இயந்திரம் நிலத்தை மெதுவாகவே அழுத்துகிறது.

2. மண்ணை அறிந்து நடப்போம்

புதையாமல் இருப்பது வேறு; வழுக்காமல் இழுப்பது வேறு. இழுவை இரண்டு வழிகளில் கிடைக்கிறது.

மணற்பாங்கான மண்ணில் துணிக்கைகள் ஒன்றோடொன்று உராய்வதால் பிடிப்பு உண்டாகிறது. அங்கே பாரம் கூடினால் பிடிப்பும் கூடும்.

களிமண்ணில் துணிக்கைகள் ஒட்டி நிற்பதால் பிடிப்பு உண்டாகிறது. அங்கே பட்டை தொடும் பரப்புத்தான் முக்கியம். முருங்கன் பகுதியின் கறுப்புக் களி இதற்கு நல்ல உதாரணம்: காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஒட்டும். ஈரக் களியில் வழுக்கும் இயந்திரத்தின் மேல் ஆட்களையோ மூட்டைகளையோ ஏற்றுவதால் இழுவை கூடாது. இயந்திரம் ஆழப் புதையும். ஏறியவர் விழவும் கூடும். களிமண் வயல் என்றால் அகலமான பட்டை உள்ள இயந்திரத்தையே கேட்டு அமர்த்துவோம்.

3. பட்டையின் பற்கள்

பட்டையின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் மேலுள்ள வழுக்கும் சேற்றைத் தாண்டிக் கீழே உள்ள உறுதியான மண்ணைக் கடிக்கின்றன. பல் தேய்ந்தால் பிடிப்புப் போய்விடும். தேய்ந்த இரும்புப் பற்களின் மேல் புதிய இரும்புச் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். தேய்ந்த றப்பர் பட்டையை மாற்றத்தான் வேண்டும்.

பல் நல்லதாக இருந்தும் இடையில் சேறு அடைந்துவிட்டால் பட்டை வழவழப்பாகிவிடும். ஆகவே வேலைக்கு இடையிடையே இயந்திரத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சேற்றையும் வைக்கோலையும் கழிகொண்டு அகற்றுவோம். சேற்று வேலைக்கான சில இரும்புப் பட்டைகளில், சேறு பிதுங்கி வெளியேறத் துளைகளும் உண்டு.

4. பட்டையின் இறுக்கம்

பட்டை தளர்ந்திருந்தால் திரும்பும்போது கழன்றுவிடும். மிக இறுகியிருந்தால் விரைவில் தேயும். உட்புறம் சேறு நிறைந்தால் பட்டை தானாகவே இறுகும் என்பதையும் நினைவில் வைப்போம். சரியான அளவு கையேட்டில் இருக்கும். புல்டோசர் போன்றவற்றில் கிறீஸ் அழுத்தத்தால் பட்டையை இறுக்குவார்கள். அதைத் தளர்த்தும்போது உள்ளே அழுத்தம் மிக அதிகம். முகத்தை அருகே கொண்டுபோகக் கூடாது. அடைப்பானை முழுதாகக் கழற்றவும் கூடாது.

5. வயலை ஆயத்தம் செய்தல்

நாம் செய்யக்கூடிய பெரிய வேலை இதுவே.

அ. அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் நீரை வடியவிடுவோம். பள்ளமான மூலைகளுக்குச் சிறு வாய்க்கால் வெட்டிவிடுவோம்.

ஆ. வயலை நடந்து பார்த்து, கால் ஆழப் புதையும் இடங்களில் கம்பு நட்டுச் சாரதிக்குக் காட்டுவோம். அந்த இடங்களைக் கையால் அறுப்பதே இலாபம்.

இ. மூலைகளை முன்கூட்டியே கையால் அறுத்துவிட்டால் இயந்திரம் அகலமாகத் திரும்பலாம். நின்ற இடத்தில் சட்டென்று திரும்பும்போதுதான் பட்டை மண்ணைக் கிளறிக் குழியாக்குகிறது.

ஈ. ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் போகவிடாமல் பார்ப்போம்.

6. சரிவும் வரம்பும்

சரிவில் ஏறும்போது இயந்திரம் தன் எடையின் ஒரு பகுதியையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஐந்து அடி போக ஓர் அடி உயரும் சரிவில், 2,800 கிலோ இயந்திரத்திற்கு அது ஏறக்குறைய 550 கிலோ. ஈரம் இருந்தால் பிடிப்பும் குறையும்.

ஆகவே சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே ஓடுவதும் இடையில் திரும்புவதும் ஆபத்து. இறங்கும்போது கியரை விடுவிக்கக் கூடாது. தாங்கி நிறைய நெல் இருந்தால் இயந்திரத்தின் பாரம் உயரத்திற்குப் போகும், எளிதில் புரளும். வரம்பைக் கடக்கும் முன் நெல்லை இறக்கிவிடுவோம். உயரமான வரம்பைச் சரித்து வழி செய்து, பின்னர் கட்டிக்கொள்வோம். லொறியில் ஏற்றும் பலகைகள் லொறித் தட்டின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு நீளமாவது இருக்க வேண்டும். தட்டு 3 அடி என்றால் பலகை 12 அடி.

7. புதைந்துவிட்டால்

பட்டை ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கியதும் நிறுத்துவோம். மேலும் சுற்றினால் குழிதான் ஆழமாகும். நெல்லை இறக்கி, பட்டைக்கு முன்னுள்ள சேற்றை வெட்டி, பலகை, பனங்குற்றி அல்லது கிளைக்கட்டுகளைக் குறுக்கே வைத்து மெதுவாக ஓட்டச் சொல்வோம். அப்போது முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. கயிறு கட்டி இழுத்தால் அது அறுந்து வீசக்கூடிய தூரத்திற்கு அப்பால் நிற்போம், சிறுவர்களையும் விலக்குவோம். கிளை வெட்டுவதற்காக மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டுக்குள் ஒருபோதும் போக வேண்டாம்.

செய்து பார்ப்போம்

பட்டையில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இடுங்கள். உறுதியான நிலத்தில் பட்டை 10 முறை சுற்ற இயந்திரம் போகும் தூரத்தை அளவுங்கள். பின்பு வயலிலும் அளவுங்கள். முதலாவது 40 மீற்றர், இரண்டாவது 36 மீற்றர் என்றால் வழுக்கல் நூற்றுக்குப் பத்து. சிறிது வழுக்கல் இயல்பே. அது வரவரக் கூடினால் புதையப்போகிறது என்று அறிந்து, அந்த இடத்தை விட்டு விலகுவோம்.

கலந்துரையாடுவோம்

1. நமது வயலின் மண் களியா, மணலா? அதற்கு எப்படிப்பட்ட பட்டை பொருந்தும்?
2. நீரை வடியவிடும் நாளை அயல் வயற்காரருடன் சேர்ந்து தீர்மானிக்க முடியுமா?
3. பலகை, மண்வெட்டி, கயிறு ஆகியவற்றை ஐந்தாறு குடும்பங்கள் பொதுவில் வாங்கி வைத்தால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சமாகும்?