பத்துப் பேர் சேராவிட்டாலும் ஷபாத் உண்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுந்தது. மும்பையின் மூத்த ஜெபாலயம் 1796இல். ஹைதராபாத்தில் அப்படிப் பரம்பரையாக வந்த ஜெபாலயம் ஒன்றும் இல்லை. தள்ளித் தேடினால், குண்டூர் மாவட்டத்தில் கொத்தரெட்டிப்பாலெம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தெலுங்கு பேசும் பெனே எஃப்ராயிம் மக்கள் 1980களின் இறுதியில் தங்களை யூதர்கள் என்று வெளிப்படையாக அறிவித்து, சின்ன ஜெபாலயம் ஒன்றை வைத்து, வார ஓய்வு நாளான ஷபாத்தும் பண்டிகைகளும் கொண்டாடி வருகிறார்கள். டெல்லியில் 1956இல் கட்டிய ஜூடா ஹயாம் ஜெபாலயத்தைச் சுற்றியிருப்பவையும் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். வாராவாரம் தவறாமல் விளக்கேற்றுவதுதான் இப்படிப்பட்ட சின்ன சபைகளைத் தாங்கிப் பிடிக்கிறது. ஹைதராபாத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆண்டு முழுக்கப் பண்டிகை கொண்டாட நினைத்தால், பெரிய பண்டிகைக்குக் காத்திருக்காதீர்கள்; வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் தொடங்குங்கள்.

1. ஆள் கணக்கை முதலில் பேசி முடியுங்கள்

கூட்டு வழிபாட்டுக்கு 13 வயது நிரம்பிய பத்துப் பேர் வேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். ஆர்த்தடாக்ஸ் மரபில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். டெல்லி ஜெபாலயத்தில் பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். உங்கள் வழக்கம் எது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அப்பாவை இழந்த ஒருவர் கதீஷ் ஜெபம் சொல்ல எழுந்து நிற்கும் நேரத்தில் இந்த வாதம் கிளம்பக் கூடாது.

பத்துப் பேர் சேராத நாளில் விட்டுவிட வேண்டியவை சில: கதீஷ், தோரா வேதச் சுருளை எடுத்து முறைப்படி வாசிப்பது, தலைவர் சொல்லச் சபை மறுமொழி சொல்லும் சில பகுதிகள். விளக்கு, ஒயின் கோப்பையை ஏந்திச் சொல்லும் கிதூஷ் ஆசி, ரொட்டி, பாட்டு, சாப்பாடு எல்லாம் நாலு பேர் இருந்தாலும் நடக்கும். அந்த வாரத் தோராப் பகுதியை அச்சுப் புத்தகத்தில் பார்த்து மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

2. நேரத்தைக் கட்டுங்கள்

யூத நாள் மாலையில் பிறக்கிறது. அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு விளக்கேற்றுவது வழக்கம். ஹைதராபாத்தில் ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைய 6.55 ஆகும், நவம்பர் கடைசியில் 5.40க்கே மறைந்துவிடும். ஆக, ஒரு பருவத்தில் 6.35 வரை அவகாசம், இன்னொன்றில் 5.20க்கெல்லாம் விளக்கு எரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஹைடெக் சிட்டியிலிருந்து செகந்திராபாத் போய்ப் பார்த்தவருக்கு இந்த ஒன்றேகால் மணி நேரத்தின் அருமை தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் கிளம்ப அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஷபாத்தில் வண்டி ஏறாதவர்கள் குழுவில் இருந்தால், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீட்டில் கூடுங்கள். இல்லையென்றால் அவர்கள் இரவு தங்கப் பாய், தலையணை தயாராக இருக்கட்டும். ஷபாத்தில் பணம் கைமாறக் கூடாது என்பதால் செலவுப் பங்கை வியாழக்கிழமையே யுபிஐயில் வாங்கிவிடுங்கள்.

3. மேசையில் வைக்க வேண்டியவை

இரண்டு விளக்கு அல்லது மெழுகுவத்தி, ஒரு கோப்பை, துணியால் மூடிய இரண்டு முழு ரொட்டி. ஸ்லைஸ் போட்ட ரொட்டி ஆகாது. பின்னல் ரொட்டி கிடைக்காவிட்டால் வீட்டில் சுட்ட சப்பாத்தியே போதும்.

கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்ட) ஒயின் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்பதற்குக் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: உலர்திராட்சை ஷர்பத். பேகம் பஜாரில் நல்ல சதைப்பற்றுள்ள கறுப்பு உலர்திராட்சை வாங்குங்கள். கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் வியாழன் இரவே ஊறப் போடுங்கள். காலையில் கையால் நன்றாகப் பிசைந்து, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். சாறு அடர்ந்த நிறத்தில், திராட்சை ருசி தூக்கலாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் தண்ணீர் அதிகம். 90 மில்லியாவது பிடிக்கும் கோப்பையில் நிரப்பிக் கிதூஷ் சொல்லிவிட்டு எல்லோருக்கும் பகிருங்கள். குழந்தைகளும் குடிக்கலாம்.

4. சமையலை ஊருக்கேற்ப அமையுங்கள்

கோஷர் முறையில் அறுத்த இறைச்சி கைக்கு எட்டாத இடத்தில் சைவமும் மீனும் வைத்துக்கொள்வதுதான் தொல்லையில்லாத வழி. செதிலும் துடுப்பும் உள்ள மீன் ஆகும்: ரோகு, கட்லா. இறால், நண்டு, கெளுத்தி ஆகாது. இந்த ஊர்ப் பெருமையான கச்சி பிரியாணி இந்த மேசைக்கு வராது. இறைச்சியைத் தயிரில் ஊறவைத்துத்தான் அதைத் தம் போடுகிறார்கள், இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. பகாரா பைங்கன் அப்படியல்ல. வேர்க்கடலை, எள், தேங்காய், புளி. பால் பொருள் ஏதுமில்லை. வெள்ளி மதியம் செய்து வைத்தால் சனி மதியம் ருசி கூடியிருக்கும், சூடுபடுத்தவும் வேண்டாம். குழம்பு கெட்டியாக வேண்டுமானால் கொச்சி யூதர்களைப் போலத் தேங்காய்ப் பால் ஊற்றுங்கள்; அது பால் கணக்கில் வராது. கடைசியில் குபானி கா மீட்டா. மேலே மலாய் ஊற்றாமல் வைத்தால் எந்தச் சாப்பாட்டோடும் போகும்.

சமையல் எல்லாம் விளக்கேற்றும் முன்பே முடிந்திருக்க வேண்டும். சோற்றை ஹாட்பேக்கில் வையுங்கள். எந்த விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும், எந்த மின்விசிறி சுற்ற வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

5. விருந்தாளிக்கு முன்பே சொல்லுங்கள்

யூதரல்லாத நண்பர்களை அழைப்பதில் தடையில்லை. என்ன செய்யக் கூடாது என்று தெரியாமல் அவர்கள் சங்கடப்படக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் சமைத்ததைக் கொண்டுவர வேண்டாம். முழுப் பழமோ பூவோ போதும். ஆண்கள் தலையை மூடக் கைக்குட்டை எடுத்துவரட்டும். படம் எடுக்க வேண்டாம், கைபேசியை அணைத்துவிடலாம். குளியலறையிலிருந்து வெளியே வரும்போது பழக்க தோஷத்தில் விளக்கை அணைத்துவிட வேண்டாம். 2008 நவம்பரில் மும்பையின் யூத மையமான நாரிமன் ஹவுஸ் தாக்கப்பட்டதை மறக்க முடியாது. வருபவர்களின் பெயரை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், முகவரியைப் பொதுவில் போடாதீர்கள்.

6. சனி மாலை முடித்துவையுங்கள்

அஸ்தமனம் ஆகி ஏறக்குறைய 40 நிமிடத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும். அப்போது ஷபாத்தை முடிக்கும் ஹவ்தாலா சடங்கு: ஒரு கோப்பைச் சாறு, முகர்ந்து பார்க்க வாசனைப் பொருள், ஒன்றுக்கு மேற்பட்ட திரியுள்ள மெழுகுவத்தி. வாசனைக்கு அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கிராம்பும் பட்டையும் ஏலமும் ஒரு கிண்ணத்தில் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள். அடுத்த வாரம் யார் வீடு என்பதைக் கலையும் முன் கேட்டுவிடுங்கள்.

7. ஆண்டுக்கு ஒரு வேலைப் பட்டியல்

யூத மாதம் பிறையைப் பின்பற்றுகிறது. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் வருவதுபோல இதிலும் 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதம் கூடும். அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். இஸ்ரேலுக்கு வெளியே சில பண்டிகைகளுக்கு ஒரு நாள் கூடுதல். பஸ்கா எட்டு நாள். ஜனவரியிலேயே தேதிகளைப் பார்த்து விடுப்பை ஒதுக்குங்கள்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானா, நோன்பு நாளான யோம் கிப்பூர் (செப்டம்பர்–அக்டோபர்): மின்யான் இல்லாத குறை அதிகம் தெரியும் நாட்கள். முடிந்தவர்கள் மும்பைக்கோ புனேக்கோ போய்வரலாம். இங்கேயே இருந்தால் ஆப்பிள், தேன், மாதுளை வைத்து உண்ணலாம். ஷோஃபார் கொம்பு ஊதப் பத்துப் பேர் வேண்டியதில்லை. யோம் கிப்பூர் நோன்பு 25 மணி நேரம். சேர்ந்து உட்கார்ந்தால் பொழுது போகும்.

கூடாரப் பண்டிகை: கணேஷ் சதுர்த்திப் பந்தல் போட்டவர்களிடம் மூங்கில் கேளுங்கள். வானத்துக்குக் கீழே, மொட்டை மாடியில் கட்ட வேண்டும். அடுக்ககச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கூரைக்குத் தென்னை அல்லது பனை ஓலை, தார்ப்பாய் கூடாது. இலையிடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். சாப்பாடு நனையும் அளவு மழை வந்தால் உள்ளே போய்விடலாம், முறையே அதுதான்.

ஹனுக்கா: ஒரு வீட்டுக்கு எட்டு நாளுக்கு மொத்தம் 44 மெழுகுவத்தி. எண்ணெய்ப் பலகாரம் மரபு என்பதால் மிளகாய் பஜ்ஜிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

து பிஷ்வாத் (மரங்களின் புத்தாண்டு): பெனே இஸ்ரேல் வழக்கப்படி மலிதா. ஊறவைத்த அவல், தேங்காய், சர்க்கரை, மேலே பழங்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் படைப்பது.

பூரிம்: எஸ்தர் சுருளை வாசிப்பார்கள். எபிரேய வேதத்தில் இந்தியாவின் பெயர் வருவது இந்த நூலில்தான்; பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நண்பர் ஒருவருக்கு இரண்டு வகைத் தின்பண்டம், ஏழைகள் இருவருக்கு உதவி.

பஸ்கா: கோதுமை, பார்லி, ஓட்ஸ் வகையில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, உஸ்மானியா பிஸ்கட் டப்பா உட்பட. மட்ஸா ரொட்டியை மும்பையிலிருந்து இரண்டு மாதம் முன்பே வரவழையுங்கள். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டிய ரொட்டி அது. பழக்கமில்லாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம். இந்திய யூதர்கள் பஸ்காவில் அரிசி சாப்பிடுவார்கள். ஐரோப்பிய வழி வந்தவர்கள் பலர் தொட மாட்டார்கள். யார் எந்த வழக்கம் என்று கேட்டுச் சமையுங்கள்.

8. ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்

ஒருவர் நேரம் பார்ப்பவர், ஒருவர் ஜெபம் நடத்துபவர், ஒருவர் கணக்கு, ஒருவர் விருந்தாளிப் பட்டியல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே ஆள் எல்லாம் செய்யும் சபை, அவருக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்த அன்றே கலைந்துவிடும். நாலு வெள்ளிக்கிழமை தவறாமல் நடத்திய பிறகு முதல் பண்டிகையைத் திட்டமிடுங்கள். யாராவது தாமதமானால் அவருக்காக விளக்கை நிறுத்தி வைக்காதீர்கள். அவர் தட்டில் சோற்றை மூடி வையுங்கள்.