ஆயிரம் ரூபாய் ஃபைனும் வண்டி இன்சூரன்ஸும்: பயனுள்ள குறிப்புகள்

மஞ்சக்குப்பத்தில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டவரும், சிதம்பரம் கீழ வீதியில் ஒரே வண்டியில் மூன்று பேராகப் போய் மாட்டிக்கொண்டவரும் சொல்வது ஒன்றுதான்: "ஆயிரம் ரூபாயோடு போச்சு." அப்படிப் போய்விடுவதில்லை. டி.என். 31, டி.என். 91 என்று தொடங்கும் வண்டி நிற்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1. முதலில் ஒரு பயத்தை விட்டுவிடுங்கள். சலான் வந்ததற்காகத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஏறாது. அதை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய்; வரி தனி. பட்டியல் இன்ஜினைத்தான் பார்க்கிறது, ஓட்டுபவர் எத்தனை முறை ஃபைன் கட்டினார் என்று பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு ஒன்று 2021-இல் 'போக்குவரத்து மீறல் பிரீமியம்' என்று தனியாக வசூலிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்கு. சோதனை முயற்சியை டெல்லியில் தொடங்கலாம் என்றும் சொன்னது. நம் ஊர் பாலிசிகளுக்கு அது வரவில்லை. சிங்கப்பூரில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் வேறு கதை கேட்டிருப்பீர்கள். அங்கே 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். குற்றமில்லாமல் ஓட்டியவருக்கு இன்சூரன்ஸில் 5 சதவீதத் தள்ளுபடி.

2. நம்மிடம் உள்ள தள்ளுபடி 'நோ க்ளெய்ம் போனஸ்'. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, க்ளெய்மே இல்லாமல் ஐந்து வருடம் போனால் 50 சதவீதம் வரை கிடைக்கும். சலான் இதைத் தொடாது, க்ளெய்ம் தொடும். கதவில் சின்ன நசுங்கல் என்றால் பட்டறைச் செலவையும் இழக்கப்போகும் போனஸையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் க்ளெய்ம் போடுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்த போனஸ் போய்விடும்.

3. இனிதான் முக்கியமான விஷயம். ஃபைன் கட்டினால் கணக்கு முடிந்தது என்பது தவறு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஹெல்மெட் போடாததற்கும் மூன்று பேர் போனதற்கும் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாத லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. அந்த இடத்திலேயே பணம் கட்டினாலும் லைசென்ஸ் மீதான நடவடிக்கையிலிருந்து விடுதலை இல்லை என்று அதே சட்டத்தின் 200-ஆவது பிரிவு சொல்கிறது. கட்டிய ஃபைன் 'முதல் முறை' என்று கணக்கிலும் ஏறும். செல்போன் பேசிக்கொண்டு ஓட்டி மூன்று வருடத்துக்குள் மறுபடி சிக்கினால் பத்தாயிரம் ரூபாய் என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

4. லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் மாதங்களில் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். பால் வாங்கப் போவதற்கும் வேண்டாம். பாலிசியில் 'ஓட்டுநர்' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், தகுதி நீக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனை அங்கே இருக்கும். அதை மீறினால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் லைசென்ஸை ஒட்டியதுதான். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவாகலாம், ஆனால் அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் அதற்கு வழி உண்டு. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. ஆயிரம் ரூபாய் ஃபைன் லட்சக்கணக்கில் கடனாகும் வழி இதுதான். பிரீமியம் ஏறுமா என்று கவலைப்படும் நேரத்தில் இதைக் கவனியுங்கள்.

5. லைசென்ஸ் நிறுத்தம் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் மேசையில் போட்டுவைக்காதீர்கள். லைசென்ஸ் அதிகாரி உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே 19-ஆவது பிரிவின்படி உத்தரவு போட முடியும். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

6. ஆர்.சி.யிலும் லைசென்ஸிலும் பழைய செல் நம்பர் இருந்தால் சலான் வந்ததே தெரியாது. பரிவாகன் இணையதளத்தில் நம்பரை மாற்றுங்கள். அங்கேயே இ-சலான் பகுதியில் வண்டி எண்ணையும் லைசென்ஸ் எண்ணையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கலாம்.

7. "உங்கள் வண்டிக்கு சலான்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அது பணம் திருடும் செயலி. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

8. வண்டியை விற்றால் பெயர் மாற்றாமல் விடாதீர்கள். சலான் பழைய பெயருக்கே வரும். அதைவிடப் பெரியது, விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பும் பதிவில் உள்ள உரிமையாளர் மேல்தான் விழும் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது. அடுத்து வாங்கும் வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

9. அண்ணாமலை நகரில் படிக்கும் பிள்ளைகள் அப்பா பெயரிலுள்ள வண்டியை எடுத்துப் போவது சகஜம். லைசென்ஸ் வாங்கும் வயது வந்த பிள்ளை என்றால் லைசென்ஸ் பார்த்துச் சாவி கொடுங்கள். ப்ளஸ் டூ பிள்ளைக்கு டியூஷன் போக பைக் கொடுப்பது வேறு விஷயம். பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தும் சட்டத்தில் உள்ளன.

10. புதுச்சேரி போய்விட்டு ஆல்பேட்டை வழியாகக் கடலூர் திரும்புகிறவர்கள், குடித்திருந்தால் பஸ்ஸில் வாருங்கள். 10,000 ரூபாய் ஃபைன் ஒரு பக்கம். விபத்தானால் சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்காது.

11. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் தேர்ட் பார்ட்டி சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று பலரும் நினைக்கிறார்கள்; வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். பாலிசியில் இரண்டு தேதிகளையும் பாருங்கள். தேர்ட் பார்ட்டியே இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000, மறுமுறை 4,000 ரூபாய். பாலிசியை டிஜிலாக்கரில் சேமித்துவிட்டால் சோதனையில் அதையே காட்டலாம்.