இரட்டை விண்மீனில் ஒரு பல்சார்

தென்வானில் 1237 நாட்களுக்கு ஒருமுறை உயர் ஆற்றல் காமாக் கதிர்களை வாரி இறைத்துவிட்டுப் பின் அடங்கிவிடும் ஓர் இரட்டை விண்மீன் உண்டு. அவ்விரண்டில் ஒன்று பல்சார். பி.எஸ்.ஆர். பி1259-63 என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி அதனைக் கண்டுபிடித்தது. அது தனித்தன்று, துணையுடையது என்ற செய்தி 1992-ல் வெளியாயிற்று.

பல்சார் வினாடிக்கு ஏறத்தாழ 21 முறை சுழல்கிறது. துணையோ வெம்மை மிக்க பெரிய நீல விண்மீன். அதன் இடையைச் சுற்றி வாயுத் தட்டு ஒன்று உண்டு. சுற்றுப்பாதையின் மையத்தொலைத் தகவு 0.87. கணக்கிட்டுப் பார்த்தால், மிகத் தொலைவிலுள்ளபோது இருக்கும் இடைவெளி, மிக அருகிலுள்ளபோது இருப்பதைப் போல் 14 மடங்கு! அருகில் வருங்கால் பல்சார் அத்தட்டினை இருமுறை கடக்கிறது. அப்போது ஏறக்குறைய ஒரு மாதம் அதன் வானொலித் துடிப்பு நமக்கு எட்டுவதில்லை.

பல்சாரிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கி வீசும் எலக்ட்ரான்கள், துணையின் காற்றுடன் மோதி முடுக்கப்படுகின்றன. அவை விண்மீனின் ஒளித்துகள்களைத் தாக்கித் தம் ஆற்றலை வழங்குகின்றன. நாம் வகுப்பில் படித்த காம்ப்டன் விளைவின் தலைகீழ் வடிவமே இது. சில எலக்ட்ரான் வோல்ட் கொண்ட துகள், லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டை எட்டிவிடுகிறது.

இக்கதிர்கள் தரையை அடைவதில்லை. காற்று மண்டலத்தில் மோதித் துகள் மழையாகின்றன. அம்மழை செரன்கோவ் ஒளி எனும் மங்கிய நீல மின்னலைச் சில நானோ வினாடிகள் எழுப்புகிறது. பெரிய ஆடிகள் அதைப் பிடிக்கின்றன. (எழுபதுகளில் நம் உதகையிலும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இம்முறையில் பல்சார்களை நோக்கியதுண்டு.)

2004-ல் நமீபியாவின் 'ஹெஸ்' தொலைநோக்கிகள் நான்கும் காத்திருந்தன. மிக அண்மை நாள் மார்ச் 7. பௌர்ணமியும் அதையொட்டியே வந்தது! நிலவொளியில் நுண்ணிய ஒளிமானிகளை அன்று இயக்கவில்லை. ஆகவே முன்னும் பின்னுமே நோக்க முடிந்தது. எனினும் காமாக் கதிர்கள் ஐயமறப் பதிவாயின. அவற்றின் செறிவு நாளுக்கு நாள் மாறியதும் தெரிந்தது.

இதனுடன் கதை முடிந்திருந்தால் கொள்கையாளர்களுக்கு நிம்மதி. ஆனால் 2011 ஜனவரியில், அண்மை நாள் கழிந்து ஒரு மாதமான பின், குறைந்த ஆற்றலில் பெரும் வெடிப்பொளியை ஃபெர்மி விண்கலம் கண்டது. பல்சார் சுழற்சியில் இழக்கும் ஆற்றலனைத்தும் காமாக் கதிராக மாறினாற்போன்ற பொலிவு அது. 2014-லும் ஏறத்தாழ அதே கட்டத்தில் வந்தது. 2017-ல் வருமென எதிர்பார்த்த நாட்களில் வராமல், பத்து நாள் போலத் தாமதித்தே வந்தது. காரணம் குறித்து அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.