சத்தம் கேட்குது, பாட்டு கேட்கலையே!

கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு விழா, வீட்டு முன்னால் பந்தல் போட்டு நடத்தும் வரவேற்பு என்று எதுவானாலும் ஒரு மெல்லிசைக் கச்சேரி இருந்தால்தான் நமக்குத் திருப்தி. குழுவுக்கு முன்பணம், பந்தல், சாப்பாடு எல்லாவற்றையும் பேரம் பேசி முடிப்போம். மைக் செட்டை மட்டும், ‘நம்ம ஆளுதான், பார்த்துக்குவார்’ என்று விட்டுவிடுவோம். முதல் பாட்டிலேயே பேஸ் நெஞ்சில் இடிக்கும். வரி ஒன்றும் புரியாது. கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிப்போய், “சவுண்டை ஏத்துப்பா” என்பார். அதற்குமேல் கச்சேரியை யாராலும் காப்பாற்ற முடியாது. திறந்தவெளியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, பாக்ஸை எங்கே வைத்தோம், எதைக் குறைக்காமல் விட்டோம் என்ற இரண்டில் அடங்கிவிடும். விழா நடத்துபவர்களுக்கும், மேடை ஏறுபவர்களுக்கும், கீழே நாற்காலி தேடுபவர்களுக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. மேடை எந்தச் சுவரைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். மேடைக்கு எதிரே 25 மீட்டரில் பள்ளிக்கூடக் கட்டடமோ கோயில் மதிலோ இருந்தால், பாட்டு அதில் மோதித் திரும்பி வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போக 25, வர 25 என்று 50 மீட்டர் நடந்து வருவதற்குள் நொடியில் ஏழில் ஒரு பங்கு கழிந்துவிடும். பாடகர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். முந்தைய சொல் அப்போதுதான் திரும்பி வந்து அதன்மேல் ஏறி உட்காரும். முன்வரிசைக்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மேடையை வெட்டவெளி பார்த்துத் திருப்புங்கள். இடமே இல்லை, சுவர் எதிரேதான் வரும் என்றால் பாக்ஸ்களைச் சற்று உள்பக்கம் திருப்பி, முகத்தைக் கூட்டத்தின் மேல் சாய்த்துவிடுங்கள். மனித உடம்பும் துணியும் ஒலியை நன்றாக உறிஞ்சும், சுவர் உறிஞ்சாது.

2. ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், பாட்டு எந்த மூலைக்கு? தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப்போக அதிகம். அதனால் காற்று போகும் திசையில் போகும் ஒலி தரைப்பக்கம் வளையும். காற்றை எதிர்த்துப் போவது வானத்துப் பக்கம் வளைந்து கூட்டத்தின் தலைக்கு மேலே போய்விடும். ஆகவே காற்று மேடையின் முதுகில் அடிக்க வேண்டும். ஆடியில் மேல்காற்று வீசும் ஊர்களில் கிழக்குப் பார்த்த மேடை இதற்குத் தோதாக அமைந்துவிடும். கிழக்குக் கடலோர ஊர் என்றால் மாலையில் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும், கணக்கு தலைகீழ். முதல்நாள் மாலை அதே நேரத்துக்குப் போய், ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாருங்கள், போதும்.

3. குரல் வரும் டாப் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். சொல்லைப் புரிய வைக்கும் மெல்லிய, கூர்மையான ஒலிகள் முதல் இரண்டு வரிசை ஆட்களைத் தாண்டிப் போகாது. முன்னால் இருப்பவர் காதைப் பொத்துவார், பின்னால் இருப்பவர் காதைத் தீட்டுவார். டாப் பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர் மட்டுமல்ல, நிற்பவர் தலைக்கும் மேலே வருமாறு வையுங்கள். ஸ்டாண்டின் கால்களில் மணல்மூட்டை போட்டே ஆக வேண்டும். குழந்தைகள் ஓடும் இடம்.

4. வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள். 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை 1000 வாட்ஸாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல்தான். கேட்பவருக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். இன்னொரு பக்கம், திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போய்விடும். 5 மீட்டரில் கேட்டதைவிட 40 மீட்டரில் 18 டெசிபல் குறைவு. பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று முன்பாக்ஸை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

5. கூட்டம் நீளமாக இருந்தால் பாதித் தூரத்தில் இன்னொரு ஜோடி பாக்ஸ் வைக்கலாம். ஆனால் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கம்பி வழியே போகும் பாட்டு நடுப்பாக்ஸில் அந்தக் கணமே வந்துவிடும். மேடையிலிருந்து காற்றில் வருவது 34 மீட்டர் தாண்ட நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். விளைவு, ஒரே பாட்டை இரண்டு பேர் முன்னும் பின்னுமாகப் பாடுவது போல இருக்கும். டிஜிட்டல் மிக்சரில் ‘டிலே’ என்று ஒரு வசதி உண்டு. மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் என்று கணக்குப் போட்டு, அதன்மேல் ஒரு பத்து பதினைந்து சேர்த்து நடுப்பாக்ஸைத் தாமதப்படுத்தச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். அந்த வசதி இல்லாத செட் என்றால் நடுப்பாக்ஸே வேண்டாம். நாற்காலிகளை அகலமாகப் பரப்பி, கடைசி வரிசையை முன்னால் கொண்டுவாருங்கள், காசும் மிச்சம்.

6. பேஸ் பாக்ஸ் இரண்டையும் ஆளுக்கொரு மூலையில் வைக்கும் வழக்கம் பார்க்க அழகு, கேட்க மோசம். நடுவில் அதிரும், சற்றுத் தள்ளி உட்கார்ந்தவருக்கு அடியே இருக்காது. இரண்டையும் ஒட்டி ஒரே இடத்தில் தரையில் வையுங்கள். மண்டபத்தில் சுவர்கள் பேஸைத் திருப்பித் தரும். மைதானத்தில் தருவதற்கு யாரும் இல்லை. அந்தக் குறையை மிக்சரில் திருகித் தீர்க்கப் பார்த்தால் பாடகர் குரல்தான் அடிபடும். மேடைப் பலகைக்கு அடியில் இடம் இருக்கிறதே என்று பேஸைச் செருகவும் வேண்டாம். பலகை அதிர, மைக் ஸ்டாண்டு அதிர, அந்த அதிர்வு மைக் வழியே மறுபடி பாக்ஸுக்கே வரும்.

7. வீல் என்று கத்தினால் என்ன செய்வது? பாக்ஸில் வரும் ஒலி மைக்கில் புகுந்து, பெரிதாகி, மறுபடி பாக்ஸில் வந்து சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அந்த அலறல். எனவே பாடகர்கள் எப்போதும் பாக்ஸ் வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். நடனமாடிக்கொண்டே மைக்கோடு கீழே இறங்கிக் கூட்டத்துக்குள் போவது பார்க்க ஜோர்தான்; பாக்ஸுக்கு முன்னால் வந்த கணத்தில் அலறும்.

அடுத்து, மைக்கைப் பிடிக்கும் கை. பாடகரின் விரல்களைக் கவனியுங்கள். கம்பிவலை உருண்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருக்கிறாரா? ஸ்டைலுக்காகச் செய்வது. அந்த உருண்டையின் கீழ்ப்பாகம் வழியாகவும் காற்று நுழைவதால்தான் மைக் தன் பின்பக்கத்து ஒலியைத் தள்ளிவிடுகிறது. அதை மூடிவிட்டால் நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், கூடவே குரலும் டப்பாவுக்குள் பேசுவது போல ஆகும். பிடியை மைக்கின் கழுத்துக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஷ்யூர் எஸ்எம் 58 போன்ற வழக்கமான மைக்குக்கு நேர் பின்புறம்தான் மிகவும் செவிடு. பாடகருக்குக் கேட்க மேடையில் வைக்கும் பாக்ஸான மானிட்டரை அந்த நேருக்கு வையுங்கள். சூப்பர் கார்டியாய்டு வகை மைக் என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், மானிட்டர் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

8. பாடாத மைக்கை மூடுங்கள். மேடையில் 8 மைக் திறந்திருக்கும், பாடுவது ஒருவராக இருப்பார். திறந்த மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், அலறாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. தொகுப்பாளர் மைக், தலைவருக்கு மாலை போடும்போது திறந்த மைக், கோரஸ் மைக் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மிக்சரில் உட்காருபவருக்குப் பாட்டு வரிசையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: யார் பாடுகிறார், எந்த மைக், கோரஸ் உண்டா. இந்த ஒரு தாள் செய்யும் வேலையை எந்த விலையுயர்ந்த கருவியும் செய்யாது.

9. வாயும் மைக்கும் இரண்டு விரல் இடைவெளி. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அதுவும் ஒரு வாட் செலவில்லாமல். காற்று அடிக்கும் இடத்தில் மைக்குக்கு நுரை உறை போடுங்கள். மிக்சரில் ‘லோ கட்’ பட்டன் இருந்தால் பாடகர் மைக்குகளுக்கு அதை அழுத்திவிடுங்கள், உறுமலும் படபடப்பும் பாதி போய்விடும்.

10. எக்கோ. நம் ஊரில் எக்கோ இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று ஒரு நம்பிக்கை. மெலடிக்குக் கொஞ்சம் இருக்கட்டும், தவறில்லை. குத்துப்பாட்டுக்கும் அதே அளவு, வரவேற்புரைக்கும் அதே அளவு என்றால் சொல் எதுவும் மிஞ்சாது. பேச்சுக்கு எக்கோவை முழுவதும் அணைத்துவிட வேண்டும். தலைவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

11. மிக்சரை மேடையோரம் வைக்காதீர்கள். பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டம் கேட்பது கேட்கவே கேட்காது. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. மேடையிலிருந்து கூட்டத்தின் பாதி, முக்கால் தூரத்தில், நடுவே ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். கம்பி நீளத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடியாவிட்டால் காது உள்ள ஓர் ஆளைக் கூட்டத்தில் நிறுத்தி, அவருக்கும் மைக் செட்காரருக்கும் கைச்சாடை பேசி வையுங்கள். தொண்டையைத் தொட்டால் பாடகர் குரல், வயிற்றைத் தொட்டால் பேஸ், கையை மேலே கீழே காட்டினால் ஏற்று, இறக்கு.

12. ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ சோதனையே அல்ல. குழுவின் அத்தனை கருவியும் ஒலிக்கும் ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பார்க்க வேண்டும். முதலில் பாடகர் குரலைத் தெளிவாக வைத்துவிட்டு, அதைச் சுற்றி மற்றவற்றை ஏற்றுவதே சரியான வரிசை. டிரம்ஸில் ஆரம்பித்தால் குரலுக்கு இடமிருக்காது. மேடையில் ஒவ்வொருவரும், “எனக்கு மானிட்டர் கொஞ்சம் கூட்டுங்க” என்பார்கள்; கூட்டக்கூட்டப் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் வாசிப்பு கேட்காது, அவரும் கேட்பார். “எதைக் குறைத்தால் உங்களுக்குக் கேட்கும்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

மாலை 4 மணிக்குச் சரியாக வைத்தது இரவு 8 மணிக்குச் சரியாக இருக்காது. பகலில் தரைச்சூட்டால் ஒலி மேலே வளையும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் அது வேறு கொஞ்சம் உறிஞ்சும். முதல் மூன்று பாட்டுக்குள் ஒருவர் பின்வரிசைவரை நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

13. கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி, அதன் ரிசீவர் பாடகரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில். மேடையோரம் ஒரு வயர் மைக் தயாராக இருக்கட்டும்.

14. ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் பாக்ஸில் ஓயாமல் வந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். சீரியல் செட்டும், மேடை விளக்கும், மைக் செட்டும் ஒரே லைனில் இருக்கும். ஒலிக்குத் தனி லைன் கேளுங்கள். மேடையும் மிக்சரும் அதே லைனில் இருக்கட்டும். மைக் கம்பியும் கரண்ட் கம்பியும் ஒன்றாகச் சுற்றி ஓடக்கூடாது. குறுக்கே போக வேண்டுமென்றால் கூட்டல்குறி போல வெட்டிப் போகட்டும். கீபோர்டு, கிட்டாருக்கு டிஐ பாக்ஸ் கேட்டு வாங்குங்கள், அதில் இரைச்சலைத் துண்டிக்கும் ஸ்விட்ச் இருக்கும். பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால் ஆளை மேடையைவிட்டு இறக்குங்கள். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று இரும்பு மைக்கை வாயருகே பிடித்திருப்பவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

15. நேரம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் 12 மணிவரை தளர்த்தலாம். உங்கள் நாள் அதில் வருகிறதா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இரவில் ஒலி தூரம் போகும் என்று மேலே சொன்னோமே, அதனால் குத்துப்பாட்டையெல்லாம் 9 மணிக்குள் முடித்துக்கொண்டால் பக்கத்துத் தெருவின் சாபம் குறையும்.

16. கேட்க மட்டும் வந்தவரா? பாக்ஸுக்கு நேர் முன்னே உட்காராதீர்கள். மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அங்கே கேட்பதைத்தான் மிக்சரில் இருப்பவர் சரிசெய்துகொண்டிருப்பார். கேளிக்கை இடங்களில் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது. பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு கத்த வேண்டியிருந்தால் கைக்குழந்தையோடு வந்தவர்கள் பின்னால் போய்விடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காது அடைப்பான் பெரியவர்களுக்குப் போதும்.

குறை சொல்வதென்றால், “சவுண்டு சரியில்லை” என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்ட மறுநொடி வால்யூம் ஏறும். இரண்டு பாட்டுக்கு நடுவே மைக் செட்காரரிடம் போய், “அண்ணே, பாடுறவங்க குரல் அமுங்குது, கீபோர்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க” என்று சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அவரும் சந்தோஷமாகவே செய்வார்.

17. மழைக்கு: மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் தனித்தனி பாலித்தீன் உறை, மேசைக்கடியில் மடித்துத் தயாராக. கம்பி இணைப்புகள் தரையில் கிடக்காமல் செங்கல் மேல் இருக்கட்டும். தூறல் விழுந்தால் முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள், அப்புறம் மூடுங்கள். மேடையில் இருப்பவர்களிடம் மைக்கைக் கீழே வைக்கச் சொல்ல ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள்.