வீட்டு விலங்குகளும் ஒட்டுண்ணிகளும்

நாயும் பூனையும் நெடுங்காலமாக மனிதனோடு ஒரே முற்றத்தில் வாழ்ந்து வருகின்றன. ஒன்று வாயிலைக் காக்கும். மற்றொன்று நெல்லை எலியினின்றும் காக்கும். அவற்றின் உடலையே உறைவிடமாகக் கொண்ட சிற்றுயிர்களும் உள. பிறிதோர் உயிரின் உடலிலிருந்து உணவைப் பெற்று வாழும் இவற்றை ஒட்டுண்ணிகள் என்பர். தோலில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும், குடலில் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் நாடாப்புழுவும், குருதியில் நுண்ணுயிர்களும் என இவை பல வகைப்படும்.

இவற்றுள் ஒன்றன் வரலாறு சென்னையோடு தொடர்புடையது. அங்கே ஆங்கிலேயர் வேட்டைக்கென நாய்க்கூட்டம் ஒன்றை வளர்த்து வந்தனர். அந்நாய்களின் குருதியை நுண்பெருக்காடியால் ஆராய்ந்த பேட்டன் என்னும் அறிஞர், செங்குருதி அணுக்களுக்குள் புதிய நுண்ணுயிர் ஒன்று இருத்தலைக் கண்டு, 1910ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் அத்துடன் நின்றாரில்லை. நரிகளின் குருதியிலும் அதனைத் தேடிக் கண்டார். பபீசியா கிப்சோனி என வழங்கும் அந்நுண்ணுயிர் உண்ணியின் கடியால் பரவி, நாய்க்குக் காய்ச்சலையும் குருதிக் குறைவையும் விளைவிக்கும். பிற்காலத்தில் ஆசிய நாடுகள் பலவற்றிலும், அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் அது காணப்பட்டது. தேடாத இடத்தில் நோய் இல்லை என்று எண்ணுதல் பிழை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

குடற்புழுக்களோ விலங்கோடு நில்லாமல் மனிதரையும் தாக்க வல்லன. உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் முதிர்கின்றன. மண்ணில் விளையாடும் குழந்தை கை கழுவாது உண்ணும்போது அவை வயிற்றை அடையும். அவற்றினின்று வெளிப்படும் இளம்புழுக்கள் ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் உலவும். கண்ணை அடைந்தால் பார்வைக்கே கேடு நேரலாம். கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து, நெளிந்த கோடுபோன்ற அரிப்பை உண்டாக்கும்.

ஓர் ஊரில் இப்புழுக்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதை எங்ஙனம் அறிவது? விலங்கின் மலத்தைச் சிறிதளவு எடுத்து, மேலும் கரையாத அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் கலக்குவர். முட்டைகள் அவ்வுப்புநீரைவிட இலேசானவை; ஆதலின் மேலே மிதந்து வரும். அவற்றை நுண்பெருக்காடியில் நோக்கி இனம் காண்பர். முதிராத புழுக்கள் முட்டையிடா. எனவே, ஒருமுறை முட்டை காணப்படாமையால் புழுவே இல்லை என்று துணிதல் கூடாது.

எண்ணுவதிலும் விழிப்பு வேண்டும். ஓர் ஊரில் 20 நாய்களை ஆராய்ந்து 10இல் புழு கண்டனர் என்றும், மற்றோர் ஊரில் 100 நாய்களை ஆராய்ந்து 10இல் கண்டனர் என்றும் கொள்க. தொகை ஒன்றே, விகிதமோ முன்னதில் நூற்றுக்கு 50, பின்னதில் நூற்றுக்கு 10. மேலும், மருத்துவமனைக்கு வரும் நாய்களை மட்டும் எண்ணினால் தெருநாய்களின் நிலை விளங்காது. இளங்குட்டிகளையும் முதிர்ந்த நாய்களையும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும். குட்டிகள் தாயின் வயிற்றிலேயே உருண்டைப்புழுவைப் பெறக்கூடும்.

காலமும் இடமும் கருதத்தக்கன. காரைக்குடியை அடுத்த கோவிலூரை எடுத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டின் கோடை வெயிலில் காய்ந்த மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழு பிழைத்தல் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த நிழல்மண் அதற்கு ஏற்றது. உருண்டைப்புழுவின் முட்டையோ தடித்த ஓடுடையது. மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆகவே, கோடையில் மட்டும் ஆராய்ந்து ஆண்டு முழுமைக்கும் முடிவு கூறலாகாது.

இவ்வாறு பெறும் கணக்கு வெறும் எண்ணன்று. எக்காலத்தில், எவ்விடத்தில், எவ்விலங்குக்கு மருந்து முதலில் தேவை என்பதை அது காட்டும். புதிதாக விழுந்த மலத்திலுள்ள உருண்டைப்புழு முட்டை உடனே நோய் தருவதன்று. ஆதலின் நாள்தோறும் அதனை அகற்றிப் புதைத்தலே பெருங்காப்பு. குட்டிகளுக்குக் காலத்தே புழுநீக்க மருந்து அளித்தலும், உண்ணிகளை ஒழித்தலும், உண்ணுமுன் கை கழுவுதலும், காலணி அணிதலும் இன்றியமையாதன. நோய்க்கு அஞ்சி நாயைத் தெருவில் விடுவோர் நோயை ஒழிப்பவரல்லர். ஒரு வீட்டின் புழுவை ஊருக்குப் பொதுவாக்குபவரே ஆவர்.